எலுமிச்சை, உப்பு, செக்கு எண்ணெய்: வீட்டிலேயே சாலட் டிரெஸ்ஸிங்

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த வாரத்தில், மதியத் தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும், அதில் கொஞ்சம் பச்சையாகவும் இருக்கட்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தைக்குப் போய் வெள்ளரிப் பிஞ்சு, கேரட், தக்காளி, முட்டைக்கோஸ் என்று பை நிறைய வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, உப்புத் தூவி வைத்தேன். அம்மா இரண்டு வாய் தின்றார். "ஆட்டுக்குப் போடுவதை எனக்கு ஏன் கண்ணு வைக்கிறாய்?" என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டார்.

நானும் ஒரு வாய் எடுத்துத் தின்று பார்த்தேன். அவர் சொன்னது நியாயம்தான். உப்பு சில துண்டுகளில் மட்டும் பரல் பரலாக ஒட்டியிருந்தது. எலுமிச்சைச் சாறும் வெள்ளரிக்காய் விட்ட தண்ணீரும் சேர்ந்து கிண்ணத்தின் அடியில் குளமாக நின்றன. மேலே கிடந்த கேரட்டில் எந்தச் சுவையும் ஏறவில்லை.

டிரெஸ்ஸிங் என்ற கலவை இந்தக் குறைகளைத் தீர்க்கத்தான் இருக்கிறது. புளிப்பையும் உப்பையும் எண்ணெயோடு சேர்த்துக் கலக்கினால், அது காயின் மேல் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். எந்தத் துண்டை எடுத்தாலும் ஒரே சுவை இருக்கும். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும் சத்து. கூடவே கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் உடல் அதை நன்றாக எடுத்துக்கொள்ளும். அதனால் எண்ணெய் சேர்க்கிறோமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அளவு தெரிந்தால் போதும்.

கடையில் விற்கும் பாட்டிலை வாங்குவதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. பல பாட்டில்களில் தண்ணீரும், சுத்திகரித்த எண்ணெயும், சர்க்கரையும்தான் முதல் இடங்களில் இருக்கும். கெட்டியாக நிற்பதற்கு ஸாந்தன் கம் என்ற பசை சேர்த்திருப்பார்கள். வீட்டில் செய்தால் பத்து நிமிடம்தான் ஆகும்; என்ன சேர்கிறது என்பதும் நம் கையில் இருக்கும்.

எண்ணெயில் தொடங்குங்கள்

குழம்பில் ஊற்றும் எண்ணெய் சூடேறி, மசாலாவோடு கலந்து தன் வாசனையை இழந்துவிடும். டிரெஸ்ஸிங்கில் அது பச்சையாகவே நாக்கில் படுகிறது. ஆகவே நல்ல எண்ணெய் இல்லாவிட்டால் மற்றது எதுவும் உதவாது.

கொங்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் அலைச்சல் இல்லை. நிலக்கடலையும் எள்ளும் கொப்பரையும் ஆட்டித் தரும் செக்கு ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது. கடலை எண்ணெய்தான் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது. மணம் உண்டு, ஆனால் காயை அமுக்காது. செக்கில் கேட்டு வாங்கும்போது, ஆட்டிச் சில நாள் தெளிய வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். நான் வாங்கும் செக்குக்காரர், "நேற்று ஆட்டினது இன்னும் தெளியவில்லைங்க, வியாழக்கிழமை வாங்க" என்று என்னைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். கலங்கல் எண்ணெயில் அடிமண்டி இருக்கும். அது சீக்கிரம் கெடும்.

நல்லெண்ணெய் அழுத்தமானது. எள்ளை ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பதால் ஓர் இனிப்பு மணமும் இருக்கும். பீட்ரூட், முள்ளங்கி, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி தங்களுக்கென்று வாசனை உள்ளவற்றோடு அருமையாகப் பொருந்தும். வெள்ளரிக்கும் தக்காளிக்கும் முழுதாக நல்லெண்ணெய் வேண்டாம். கடலை எண்ணெயோடு பாதிக்குப் பாதி சேர்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப்போகும் டிரெஸ்ஸிங்கில் அதைச் சேர்த்தால் காயின் மேல் மெழுகாகப் படியும். வீட்டில் ஆலிவ் எண்ணெய் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எக்ஸ்ட்ரா வெர்ஜின் வகையை மிக்ஸியில் போட்டு ஓட்டாதீர்கள். கசந்துபோகும். கையால் கலக்குங்கள்.

எந்த எண்ணெயானாலும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் அது டிரெஸ்ஸிங்குக்கு ஆகாது.

புளிப்பு

எலுமிச்சம்பழம் போதும். பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு அறுத்தால் சாறு நன்றாக வரும். நடுத்தரமான ஒரு பழத்தில் ஒரு மேசைக்கரண்டியோ சற்றுக் கூடுதலாகவோ கிடைக்கும். கொட்டை விழாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். பாட்டிலில் கிடந்து ஊறினால் கசக்கும். வினிகர் நீண்ட நாள் தாங்கும், ஆனால் கூர்மையானது. ஆகவே எலுமிச்சை அளவைவிடக் கொஞ்சம் குறைத்து ஊற்றுங்கள். மாங்காய்க் காலத்தில் துருவிய மாங்காயே புளிப்பைக் கொடுத்துவிடும்.

புளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சைப்புளி ரசம் வைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, கொதிக்காத புளிக்கரைசலோடு சின்ன வெங்காயம் எப்படிச் சேரும் என்று தெரியும். அதே சேர்க்கைதான். நெல்லிக்காயளவு புளியை மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, தட்டிய சின்ன வெங்காயம் மூன்று, ஒரு சிட்டிகை வறுத்த சீரகப் பொடி சேர்த்துக் கரையும்வரை கலக்கிவிட்டு, மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடிச் சர்க்கரை இதற்குக் கச்சிதம். தூளாக இருப்பதால் சட்டென்று கரையும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் செய்யும்போது அதை விட்டுவிடுங்கள்; வெங்காயத்தைக் கூட்டிப் புளியைக் குறைத்தால் சரியாகிவிடும். துருவிய பீட்ரூட்டுக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

முதல் டிரெஸ்ஸிங்: படிப்படியாக

மூடி இறுக்கமாக இருக்கும் கண்ணாடி பாட்டில் ஒன்று வேண்டும். தீர்ந்துபோன ஜாம் பாட்டில் போதும், நன்றாகக் கழுவி ஈரமில்லாமல் காயவைத்திருக்க வேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் புளிப்பை வைக்காதீர்கள். நான்கு பேருக்கான அளவு இது: எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, தூள் உப்பு அரைத் தேக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு கால் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் ஒன்று, அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, கடலை எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி.

முதலில் கடுகு. ஒரு தேக்கரண்டி கடுகைப் பொடித்து, இரண்டு தேக்கரண்டி பச்சைத் தண்ணீர் தெளித்து அம்மியிலோ சிறிய மிக்ஸி ஜாரிலோ விழுதாக்குங்கள். பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். கடுகு உடைந்து தண்ணீரோடு சேரும்போதுதான் அதிலுள்ள நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்கும். உடனே எலுமிச்சை ஊற்றினால் அந்த வேலை தடைப்பட்டுவிடும். சுடுதண்ணீர் ஊற்றினால் நொதியே செயலிழந்துபோகும். பத்து நிமிடம் கழித்து முகர்ந்தால் மூக்கில் சுரீரென்று ஏறும். அதுதான் பதம். முதல் நாள் லேசான கசப்பு இருக்கும், மறுநாள் அடங்கும். தேவையான அரைத் தேக்கரண்டியை எடுத்துக்கொண்டு, மீதியில் எலுமிச்சையும் உப்பும் கலந்து குளிரில் வைத்துவிடலாம்.

அடுத்து, எலுமிச்சைச் சாற்றைப் பாட்டிலில் ஊற்றி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். எண்ணெய் ஊற்றுவதற்கு முன் உப்பு முழுவதும் கரைந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெயை முதலில் ஊற்றிவிட்டால் உப்புப் பரல்கள் எண்ணெய் பூசிக்கொண்டு அடியில் போய் உட்காரும். அப்புறம் எவ்வளவு குலுக்கினாலும் முதல் தட்டு சப்பென்றும் கடைசித் தட்டு கரிப்பாகவும் இருக்கும்.

சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து அந்த உப்புச் சாற்றில் போட்டு, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வெங்காயத்தின் நெடி குறைந்து, விளிம்புகள் இளஞ்சிவப்பாக மாறும். இப்போது மிளகும் கடுகு விழுதும் சேர்த்துக் கலக்கிவிட்டு, கடைசியாக எண்ணெய்.

மூடியை இறுக்கி அரை நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். முதல் ஐந்தாறு குலுக்கலில் எண்ணெய் பெரிய பெரிய முட்டைகளாக உடைந்து மேலே ஏறும். பிறகு முட்டைகள் சிறுத்து மணிகளாகும். அதன்பின் மணிகளும் கண்ணுக்குத் தெரியாமல் போய், தெளிந்த இரண்டு திரவங்களும் ஒன்றாகி, மங்கலான வெளிர் மஞ்சளில் கெட்டிப்படும். சாய்த்தால் பாட்டில் சுவரில் வழிந்து மெதுவாக இறங்கும். அந்த நிலையில்தான் அது காயில் ஒட்டும். கடுகு இல்லாமல் குலுக்கினாலும் இந்த நிலை வரும், ஆனால் சில நிமிடத்தில் பிரிந்துவிடும். கடுகின் தோலில் உள்ள வழவழப்புப் பொருள் எண்ணெய்த் துளிகள் மீண்டும் ஒன்றோடொன்று சேராமல் தடுத்துக் கூடுதல் நேரம் நிறுத்திவைக்கும். பிரிந்தால் கெட்டுப்போனதாக எண்ண வேண்டாம். ஊற்றும் முன் மறுபடி குலுக்கினால் போதும்.

பிரெஞ்சுச் சமையலில் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய் என்பது பழைய வழக்கம். நான் சொன்னது ஒன்றுக்கு இரண்டு. தண்ணீர்ச்சத்து நிறைந்த வெள்ளரிக்கும் தக்காளிக்கும், புளிப்புக்குப் பழகிய நம் நாக்குக்கும் அதுவே பொருந்துகிறது என்பது என் அனுபவம். லெட்டூஸ் போன்ற மெல்லிய இலைகளுக்கு மட்டும் மூன்று பங்குக்கு ஏறிக்கொள்ளுங்கள்.

சுவை பார்ப்பது

கரண்டியில் எடுத்து நக்கிப் பார்க்காதீர்கள். தனியாக வாயில் வைத்தால் எந்த டிரெஸ்ஸிங்கும் அதிகப் புளிப்பாகவும் அதிக உப்பாகவும்தான் தெரியும். அதற்குப் பயந்து உப்பைக் குறைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எந்தக் காய்க்குச் செய்கிறீர்களோ அதில் ஒரு துண்டை நனைத்து, உதறிவிட்டுத் தின்று பாருங்கள். சப்பென்று இருந்தால் முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள். ஒரு சிட்டிகையைச் சில சொட்டு எலுமிச்சையில் கரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் வழவழப்பு தொண்டையில் நின்றால் எலுமிச்சை போதவில்லை. பல் கூசினால் ஒரு கரண்டி எண்ணெய். உப்பு மிஞ்சிவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்க முடியாது. உப்பில்லாமல் இன்னொரு பாதி அளவு செய்து இதோடு சேர்த்துவிடுங்கள்.

தயிரில் ஒன்று

தயிர்ப் பச்சடி செய்யத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை. வித்தியாசம், தயிரிலுள்ள தண்ணீரை முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான். புளிக்காத கெட்டித் தயிர் ஒரு கப் எடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். வடிந்த தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளலாம். பத்து புதினா இலை, பாதிப் பச்சை மிளகாய், ஒரு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றை நைத்து, வடித்த தயிரில் சேர்த்துக் கரண்டியால் கலக்குங்கள். மிக்ஸியில் தயிரைப் போட்டு ஓட்டினால் இளகிவிடும். கடைசியாக ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெயும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும். அமெரிக்காவில் ராஞ்ச் என்று மோர், மயோனைஸ், பூண்டு எல்லாம் சேர்த்துச் செய்வதன் இடத்தில் இதை வைக்கலாம். தாளவாடிப் பக்கத்திலிருந்து வரும் முட்டைக்கோஸை நூலாக அரிந்து இதில் பிரட்டினால் பிள்ளைகளும் மிச்சம் வைப்பதில்லை.

மயோனைஸ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், முட்டைக்குக் குறைவில்லை, வீட்டிலேயே மயோனைஸ் அடித்துவிடலாம் என்று தோன்றும். முட்டை மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் எண்ணெயையும் புளிப்பையும் பிரியாமல் கட்டிவைப்பது உண்மைதான். ஆனால் அதில் முட்டை வேகாமல் பச்சையாகவே சேர்கிறது. சால்மோனெல்லா கிருமி அதன் வழியே வரக்கூடும். தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைசைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது இதனால்தான். நம் வெயிலில், கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம். அந்தக் கெட்டித்தன்மை வேண்டுமென்றால் வடித்த தயிரும், அடுத்துச் சொல்லப்போகும் கடலையும் எள்ளும் கொடுக்கும்.

கடலையும் எள்ளும்

நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். ஆகவே அரைத்தால் தனியாக எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. அரைக் கப் கடலையை வறுத்துத் தோல் புடைத்து, ஆறியபின் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். பொடியாகி, பிறகு சுவரில் ஒட்டி, எண்ணெய் கசிந்து மினுமினுக்கும்வரை அரைக்க வேண்டும். அப்போது ஒரு பல் பூண்டு, ஒரு வறமிளகாய், அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஐந்தாறு மேசைக்கரண்டிவரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். முளைகட்டிய பச்சைப் பயறுக்கும் கேரட்டுக்கும் இது நன்றாக இருக்கும்.

வெள்ளை எள்ளில் செய்வதும் இதே முறைதான். மேற்காசிய நாடுகளில் தஹினி என்று எள் விழுதை வைத்து இப்படித்தான் செய்கிறார்கள். நான்கு மேசைக்கரண்டி எள்ளை நிறம் மாறாமல், வெடிக்கத் தொடங்கும்வரை மட்டும் வறுங்கள். சிவந்தால் கசக்கும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு விழுதாக்கி, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கலக்குங்கள். இளகுவதற்குப் பதிலாகச் சட்டென்று இறுகி, சிமெண்டுக் கலவை மாதிரி கட்டியாகிவிடும். முதல் தடவை இதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். கொட்ட வேண்டியதே இல்லை. உப்பும் நைத்த பூண்டும் சேர்த்து, குளிர்ந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். மூன்றாவது நான்காவது கரண்டியில் இறுக்கம் விட்டு, வெளுத்து, பாலாடை போல வழுவழுப்பாகிவிடும்.

விருந்தாளிகள் வந்தால் கடலையும் எள்ளும் சேர்ந்திருப்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இவை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள். தேன் சேர்க்கும் பழக்கம் இருந்தால், ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

காயைத் தயார் செய்வது, ஊற்றுவது, வைத்துக்கொள்வது

ஈரமான காயில் எந்த டிரெஸ்ஸிங்கும் நிற்காது. கழுவிய காயையும் இலையையும் துண்டில் பரப்பித் துடைத்துவிட்டுத்தான் நறுக்க வேண்டும். வெள்ளரிக்காயை நறுக்கி, கொஞ்சம் உப்புப் போட்டுப் பிசறி, கால் மணி நேரம் வடிகட்டியில் வைத்தால் தண்ணீரை அங்கேயே விட்டுவிடும். ஒத்தியெடுத்துச் சேர்க்கலாம். அப்படிச் செய்யும் நாளில் டிரெஸ்ஸிங்கில் உப்பைக் குறைத்துவிடுங்கள்.

சாப்பிட உட்காரும்போது கலப்பதுதான் சரி. ஒருவருக்கு இரண்டு கைப்பிடிக் காய்க்கு ஒரு மேசைக்கரண்டி. அகலமான பாத்திரத்தில் டிரெஸ்ஸிங்கை முதலில் ஊற்றி, அதன்மேல் காயைப் போட்டு, கையால் அடியிலிருந்து புரட்டுங்கள். கலந்து முடித்தபின் அடியில் குளம் கட்டினால் அளவு கூடிவிட்டது. முட்டைக்கோஸ் மட்டும் விதிவிலக்கு: அரை மணி நேரம் முன்பே கலந்து வைத்தால் துவண்டு சுவை ஏறும்.

பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளர வாய்ப்பிருக்கிறது. வாசனையிலோ நிறத்திலோ அது தெரியாது. பூண்டு சேர்ந்த எதுவும் செய்த உடனே குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும், மூன்று நாளில் தீர வேண்டும். தயிர், கடலை, எள் கலவைகளுக்கும் இரண்டு மூன்று நாள்தான். எலுமிச்சையும் எண்ணெயும் சேர்ந்த முதல் டிரெஸ்ஸிங் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை நன்றாக இருக்கும். அதற்குமேல் எலுமிச்சையின் புதுமணம் போய்விடும். பாட்டிலை எடுத்துப் பத்து நிமிடம் வெளியில் வைத்துவிட்டுக் குலுக்குங்கள்.

எங்கள் வீட்டில் பாட்டிலின் மூடியில் செய்த தேதியை எழுதி ஒட்டிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கடலை எண்ணெயில் ஒன்று, புதன்கிழமை தயிரிலோ எள்ளிலோ ஒன்று. பீட்ரூட் வாங்கி வந்த நாளில் மட்டும் புளியை ஊறவைக்கச் சொல்லி அம்மாவே நினைவூட்டுகிறார்.